திரும்பி வர எத்தனை நிமிடம்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கணினியின் ரேம் பலகை ஒன்றை ரப்பரால் தேய்த்தது. ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை. அம்மா நன்னிலத்தில், தன் டைப்பிங் கடையில். நான் சென்னையில், வீட்டில். நடுவில் வாட்ஸப் வீடியோ.

"ரெண்டு ஓரத்துலயும் வெள்ளையா கிளிப் இருக்கா?"

"இருக்கு."

"அதை வெளிப்பக்கமா தள்ளு. பலகை தானா மேல வரும்."

"வந்துடுச்சு. இத்தனூண்டுதானா? இதுக்கா இவ்வளவு ஆட்டம்?"

"கீழ மஞ்சளா பல்லு பல்லா இருக்குல்ல, அதை ரப்பரால தேய். மெதுவா."

"எந்த ரப்பர்? பென்சில் ரப்பரா, பேனா ரப்பரா?"

"பென்சில்."

"நல்லவேளை கேட்டேன். பேனா ரப்பரைத்தான் கையில வெச்சிருக்கேன்."

தேய்த்தாள். தேய்த்த தூளை ஊதினாள்.

"ஊதாதம்மா. எச்சில் படும்."

"உனக்கு ஊதி ஊதி சோறு ஊட்டினேனே, அப்ப எச்சில் படலையாக்கும்."

பலகையைத் திரும்பச் செருகினாள். டக்கென்று சத்தம் கேட்க வேண்டும் என்றேன். கேட்டது. சுவிட்சைப் போட்டாள். கைப்பேசியைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்தது மின்விசிறியும் அவள் தலையின் பாதியும். கணினி முழுதாக எழ ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் ஃபஹ்மிதாவின் மனுவைப் பற்றியே பேசினாள்.

ஃபஹ்மிதா எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கணவர் இறந்து மூன்று வருடம். நிலம் பாகம் பிரித்துப் பத்திரம் பதிவாகிவிட்டது. பட்டா மட்டும் இன்னும் கூட்டுப் பட்டாவாகவே இருக்கிறது. அவளுடைய பங்குக்குத் தனிப் பட்டா வேண்டும் என்றால், கணவரின் அண்ணன் ஃபாஜில் தாலுகா ஆபீசில் வருடம் ஒருமுறை நிலக் கணக்கு பார்க்கும் ஜமாபந்தியில் அதிகாரி முன்னால் நின்று ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வேண்டும். ஃபாஜில் துபாயில் வேலை செய்கிறார். விடுப்பில் வந்திருந்தார்.

"பத்தொம்பதாம் தேதி நம்ம ஃபிர்கா கிராமங்களுக்கு ஜமாபந்தி. ஃபாஜில் இருபத்தொண்ணாம் தேதி ஃப்ளைட் ஏறுறான். போனான்னா ரெண்டு வருஷம். அதுக்குள்ள அந்த மனசு எப்படி மாறுமோ. அதுக்காகத்தான் சொல்றேன், இந்தச் சனியனை எப்படியாவது பத்தொம்பது வரைக்கும் நிக்க வை."

"நிக்கும்."

"மயக்கம் போடாம இருந்தா சரி."

மயக்கம் என்பது அம்மாவின் சொல். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்து, தானாகவே திரும்பத் தொடங்கும். நாங்கள் வேலையிடத்தில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம். அம்மா முதல் தடவை தொலைபேசியில் "வானதி, உன் கம்ப்யூட்டர் மயக்கம் போட்டு விழுந்துடுச்சுடி" என்றாள். சிரித்தேன். அதன்பிறகு நானும் அப்படியே சொன்னேன். "இன்னைக்கு மயக்கம் உண்டா?" என்று கேட்பேன். "ஒரு தடவை" என்பாள். மே, ஜூன் மாதங்களில் எங்கள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

அம்மாவின் பெயர் பிரகதாம்பாள். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்பிங்கில் ஹையர், இங்கிலீஷில் லோயர் முடித்தவள். அப்பா வீரையன், குத்தகைக்குப் பத்து மா நிலம் சாகுபடி செய்தார். பதினேழு வருடம் அந்தச் சான்றிதழ்கள் அரிசி டின்னுக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்தன. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அவற்றை எடுத்துத் தூசி தட்டினாள். தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் மாடியில் ஓர் அறை பிடித்தாள். கணினி, பிரிண்டர், ஸ்கேனர், இரண்டு நாற்காலி. போர்டில் என் பெயர். வானதி டைப்பிங் சென்டர். மூன்று வருடம் கழித்து அப்பா இறந்துவிட்டார். கடை மட்டும் தொடர்ந்து நடந்தது.

கீழே மீரா உசேனின் ஜெராக்ஸ் கடை. மேலே போகப் பதினேழு படி, செங்குத்தாக. அம்மாவிடம் வருபவர்கள் பாதிப் பேர் அந்தப் படியைப் பார்த்துக் கீழேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்காக அம்மா இறங்கி வருவாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது.

ஊரில் இன்னும் நான்கு ஆன்லைன் சென்டர் உண்டு. எல்லாம் இவளுடையதைவிட வேகம். ஆனாலும் அம்மாவிடம் ஆள் வந்ததற்குக் காரணம் அவளுடைய ஒரு பழக்கம். மனுவை அடித்து முடித்ததும் அச்செடுக்க மாட்டாள். திரையைப் பார்த்து உரக்க வாசிப்பாள், வரி வரியாக. மனு கொடுப்பவர் "ஆமா" சொன்னால்தான் அடுத்த வரி. ஒருமுறை ஒரு பெரியவருக்கு, "மேற்படி நிலம் எனது அனுபவத்தில் இருந்து வருகிறது" என்று வாசித்தாள். அவர் தலையைச் சொறிந்தார். "ஆமாவா, இல்லையா?" என்றாள். "அனுபவம் தம்பிக்குத்தாம்மா. பதினஞ்சு வருஷமா அவன்தான் உழுவுறான்." அம்மா முழு மனுவையும் அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள். வெளியே ஏழு பேர் நின்றார்கள்.

"அக்கா மனு அடிக்கிறாங்களா, பரீட்சை வெக்கிறாங்களா?" என்று மீரா உசேன் கீழேயிருந்து கத்துவார்.

"நீங்க வந்தா ஃபெயில்தான் பாய்" என்று மேலேயிருந்து பதில் வரும்.

அச்சில் வந்த மனுவில் பேனா படக் கூடாது என்பது இன்னொரு பிடிவாதம். ஒரு எழுத்து தப்பினாலும் திரும்ப அடிப்பாள். கையால் திருத்தினால், கொடுத்தவரே ஏதோ தில்லுமுல்லு செய்தது போல இருக்குமாம்.

எனக்கு வேலை ஒரு நிறுவனத்தின் சர்வர்களைக் கண்காணிப்பது. உலகத்தில் எங்கேயோ ஓர் இயந்திரம் நின்றால் நாற்பது விநாடியில் என் கைப்பேசிக்குச் செய்தி வரும். நின்ற நேரம், நிற்பதற்கு முன் ஓடியது என்ன, திரும்பி வர எவ்வளவு நேரம். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏப்ரல் கடைசியில் கணினி வாரம் இரண்டு தடவை நிற்கத் தொடங்கியதும், அம்மாவிடம் அதையே சொன்னேன். ஒரு நோட்டு போடு. நான்கு கட்டம் கட்டு. தேதி, நேரம், முன்னாடி என்ன ஓடியது, திரும்பி வர எத்தனை நிமிடம்.

"அது விழுந்ததை நான் எழுதணும். நல்லா இருக்கு" என்றாள். ஆனாலும் எழுதினாள். சொன்னதைச் செய்யாமல் இருந்து பழக்கமில்லை.

மே இருபத்துமூன்றாம் தேதிப் பேச்சு எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. நான் அலுவலகத்தில் இருந்தேன், வேறு வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"இன்னைக்கும் மயக்கம்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து அஞ்சு."

"முன்னாடி என்ன ஓடிச்சு?"

"என்ன ஓடிச்சு... படி ஏறி வந்தேன்."

"படி ஏறினதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? என்ன ஓடிச்சுன்னு கேட்டேன்."

நான் திரையில் வேறொரு சர்வரின் பதிவைத் திறந்தேன்.

"ஒண்ணும் ஓடலை."

"சூடாயிருக்கும். கொஞ்ச நேரம் எதுவும் பண்ணாம சும்மா விடு. ஃபேன் காத்து படுற மாதிரி வை."

"சரி."

"நோட்டுல எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். படம் எடுத்து அனுப்பவா?"

"வேண்டாம். ஊருக்கு வரும்போது பாத்துக்கறேன்."

ரப்பர் வேலைக்குப் பிறகு கணினி திங்கட்கிழமை நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு தடவை நின்றது. அன்று மாலை அம்மா சொன்னாள்: ஃபஹ்மிதா மனு கிட்டத்தட்ட முடிந்தது, ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும், புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வாசித்துவிட்டு அச்செடுத்துவிடுவேன். நான் ஒரு யோசனை சொன்னேன். கணினி எழவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் ஆள் வருவதற்கு முன்பே போய்ப் போட்டுவிடு, அவசரப்படாதே என்றேன்.

புதன்கிழமை வழக்கத்துக்கு முன்பே போனாள். ஒன்பதே முக்கால் ஆவதற்குள் மீரா உசேன் கடையைத் தாண்டி, "இன்னைக்கு என்னக்கா சீக்கிரம்?" என்ற கேள்விக்கு, "அது எழுந்திரிக்க லேட்டாகும் பாய், அதான்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். பன்னிரண்டாவது படியில் விழுந்தாள். கடைச் சாவி கையில் இருந்தது. மீரா உசேன் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடினார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வரும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

எனக்கு அழைப்பு வந்தது ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு. அப்போது நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். வேறொரு நாட்டில் ஒரு சர்வர் ஏன் ஒரு நிமிடம் நின்றது என்று பதினோரு பேர் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் எடுத்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. அன்றுதான் மேட்டூர் அணையைத் திறந்தார்கள், எங்கள் பக்கம் வந்து சேர நாளாகும். சாம்பலைக் கோடியக்கரைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தோம். உப்பளத்தின் வெள்ளையில் கண் கூசியது. 

ஞாயிற்றுக்கிழமை ஃபஹ்மிதா துக்கம் கேட்க வந்தாள். ஓரமாக உட்கார்ந்து அழுதாள். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் போன பிறகு மீரா உசேன்தான் சொன்னார்.

"வேற கடையில அடிக்கச் சொன்னேன் பாப்பா. மாட்டேங்குது. பத்திர நகல், ஃபாஜில் கையெழுத்து போட்டுக் கொடுத்த சம்மதக் கடுதாசி, எல்லாம் அக்கா ஸ்கேன் பண்ணி மெஷின்லதான் வெச்சிருக்கு, கடுதாசியோட அசல் எங்க இருக்குன்னு தெரியலை. அந்தக் கடுதாசியை இன்னொரு தடவை எழுதிக் குடுன்னு ஃபாஜில்கிட்ட போய் நிக்க அதுக்கு பயம்."

"பயம் ஏன்?"

"முதல் தடவையே மூணு மாசம் இழுத்துதான் குடுத்தான். ரெண்டாந் தடவை கேட்டா யோசிக்க ஆரம்பிச்சிடுவான்ல?"

மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சித்தி வாசலில் தடுத்தாள். "பதினாறு முடியலைடி. அதுவரைக்கும் வெளியில யார் படியும் ஏறக் கூடாது." இது அம்மா படிதான் என்றேன்.

பதினேழு படி. எண்ணிக்கொண்டே ஏறினேன்.

அறை அவள் செவ்வாய்க்கிழமை விட்டுப்போன மாதிரியே இருந்தது. கீபோர்டின்மேல் துணி. மானிட்டர்மேல் துணி. சி.பி.யூவின் பக்கவாட்டுத் தகடு இன்னும் திருகாமல் கிடந்தது. திருகுகளை ஒரு குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருந்தாள். பென்சில் ரப்பர் பக்கத்தில்.

கோப்பை மட்டும் எடுத்து வேறு கணினியில் திறக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியாது. அம்மா அடிப்பது பழைய தட்டச்சு எழுத்துருவில். வேறு இடத்தில் திறந்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். மாற்றுவதற்கு வழி உண்டு, ஆனால் ஒரு புல எண், ஒரு பெயர் மாறிப்போனால் யார் சரிபார்ப்பது? வாசிக்க வேண்டியவள் இல்லை. ஆகவே இந்த இயந்திரத்தையே ஓட வைக்க வேண்டும்.

கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு கெப்பாசிட்டர் தலை புடைத்து, பழுப்பாகக் கசிந்திருந்தது. பார்த்ததும் கோளாறு தெரிந்துவிட்டது. அம்மாவின் லேசர் பிரிண்டர் பழையது, கணினி செருகிய அதே பிளக் பாயின்டில் செருகியிருந்தது. அது சூடேறும் ஒரு நொடி மின்னழுத்தம் இறங்கும். நல்ல பெட்டி அந்த ஒரு நொடியைத் தாங்கும். இது தாங்கவில்லை. அணைந்துவிட்டது. ஒவ்வொரு முறை அணையும்போதும் ஹார்ட் டிஸ்க் பாதியில் நின்றது, அதில் கெட்ட இடங்கள் கூடிக்கொண்டே போயின. எழும்போதெல்லாம் அது தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் எடுத்தது. ரேமுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நாங்கள் தேய்த்தது வீண்.

திருவாரூர் போய் ஒரு புதிய பவர் சப்ளையும், பழைய டிஸ்க்குக்குப் பதிலாக ஓர் எஸ்.எஸ்.டியும் வாங்கி வந்தேன். பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்கச் செவ்வாய் மதியம் ஆகிவிட்டது. திருகுகளைச் சிமிழிலிருந்து எடுத்து மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். இருபத்துநான்கு விநாடியில் எழுந்தது. பிரிண்டரை ஓடவிட்டேன். நிற்கவில்லை.

முடிந்த வேலையை ஆவணப்படுத்துவது எங்கள் பழக்கம். கணினி தானே ஒரு பதிவு வைத்திருக்கும், எதிர்பாராமல் நின்ற ஒவ்வொரு தடவையையும் நொடி சுத்தமாகக் குறிக்கும். அதைத் திறந்தேன். மே ஒன்றிலிருந்து ஜூன் பத்து வரை பதின்மூன்று தடவை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அம்மாவின் நோட்டை எடுத்தேன். அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். பச்சை மையில், அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள்.

நோட்டில் பத்தொன்பது.

மறதியாக இரண்டு தடவை எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தேன். பதின்மூன்றும் நிமிடம் பிசகாமல் பொருந்தின. பதின்மூன்றிலும் மூன்றாவது கட்டத்தில் "பிரிண்டர்" என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு படம் வாங்கிப் பார்த்திருந்தால் மே முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருப்பேன்.

மீதி ஆறு.

"மே 9. 10.10. படி. 1 நிமிஷம்."

"மே 21. 2.40. ஒண்ணும் ஓடலை. 2 நிமிஷம்."

"மே 23. 10.05. படி. 2 நிமிஷம்."

இந்த இயந்திரம் ஒருநாளும் இரண்டு நிமிடத்தில் எழுந்ததில்லை. எட்டுக்குக் குறைந்ததில்லை. கீழே போய் மீரா உசேனிடம் மே இருபத்தொன்றாம் தேதி என்ன என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "அன்னைக்கு நாள் பூரா கரண்ட் இல்லையே பாப்பா. பராமரிப்புன்னு நிறுத்தினாங்க. நானே மத்தியானம் கடையைப் பூட்டிட்டேன்" என்றார்.

"அம்மா?"

"அக்கா இருந்துச்சு. நாளைக்கு வர்றவங்க காகிதத்தை அடுக்கி வெக்கிறேன்னு."

நான் நோட்டைக் காட்டவில்லை. அவரே பேசினார்.

"ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு பாத்தேன். காலையிலேயே கதவைச் சாத்திட்டு ஃபேனுக்கு அடியில தரையில படுத்திருந்துச்சு. என்னக்கான்னு கேட்டேன். வானதி கொஞ்ச நேரம் எதுவும் பண்ணாம சும்மா இருக்கச் சொல்லியிருக்குன்னு சொல்லிச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லிச்சு. நான் உனக்கு எல்லாம் தெரியும்னுல்ல நெனச்சேன்."

மேலே வந்து உட்கார்ந்தேன். தமிழில் மயக்கம் என்று சொன்னால் போதும், யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பத்து ஐந்துக்கு மயக்கம். எழுந்திருக்க இரண்டு நிமிடம். நான் கேட்ட நான்கு கேள்விக்கும் அவள் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறாள். வேண்டுமென்றே கலந்து சொன்னாளா, கேட்கிறாளே என்று சொன்னாளா, அல்லது நோட்டு ஒன்று இருக்கிறது, இதையும் அதில் எழுதிவைப்போம் என்று நினைத்தாளா, எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

கடைசியாக எழுதியது ஜூன் 7. படி. நான்கு நிமிஷம். அதற்கு மறுநாள்தான் ரப்பர் வைத்துத் தேய்த்தோம். வீடியோவில் அவள் தலையில் பாதி எனக்குத் தெரிந்தது.

நோட்டின் பின்னட்டையில் ஒரு சீட்டு செருகியிருந்தது. நன்னிலத்தில் ஒரு கிளினிக் டாக்டர் மே இருபத்துநான்காம் தேதி எழுதியது. தஞ்சாவூர் போய் இருபத்துநான்கு மணி நேர இதயத் துடிப்புப் பதிவு எடுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது. ஓரத்தில் அம்மாவின் பென்சில் எழுத்து: "ஜமாபந்தி முடிஞ்சு."

சீட்டிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். டாக்டருக்கு அம்மாவை நினைவிருந்தது.

"சின்ன மெஷின்தாங்க. நெஞ்சுல மாட்டிவிடுவாங்க. ஒரு நாள் பூரா துடிப்பைப் பதிவு பண்ணும். மயக்கம் வந்தா எத்தனை மணி, என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு ஒரு தாள்ல எழுதச் சொல்வாங்க. ரெண்டையும் ஒத்துப் பாத்தா தெரிஞ்சிரும். துடிப்பு நடுவுல விட்டு விட்டு நின்னிருக்கலாம்னு எனக்கு சந்தேகம். அப்படின்னா பேஸ்மேக்கர் வெச்சிருக்கலாம்."

"எழுதியிருக்காங்க" என்றேன்.

"என்னங்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

"உங்ககிட்ட சொல்லலையா அவங்க?"

"சொன்னாங்க."

இயந்திரம் வேளை தப்பிச் சரியாகி என் எதிரில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. பழைய பெட்டியின் விசிறி கரகரவென்று சுற்றும், அம்மா அதற்கு மேல் குரல் உயர்த்தித்தான் மனு வாசிப்பாள். இப்போது மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

ஃபஹ்மிதா கோப்பைத் திறந்தேன். 1434-ஆம் பசலி வருவாய்த் தீர்வாய அலுவலர் அவர்களுக்கு என்று, ஜமாபந்தியின் அரசுப் பெயரில் தொடங்கியது. ஒரு பக்கம். மனுதாரர் ஃபஹ்மிதா, மகள் ஷிஃபா. ஒரு பிழை இல்லை. கணினி பாதியில் நிற்கும் என்ற பயத்தில் ஒவ்வொரு வரிக்கும் சேமித்திருக்கிறாள், அது கோப்பின் பதிவில் தெரிந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இப்படி இருந்தது: "புல எண் 112/3      (கேட்கணும்)".

ஸ்கேன் செய்த பத்திர நகலைத் திறந்து பார்த்தேன். 112/3 தெரிந்தது. அதற்கு அடுத்த எழுத்து இருந்த இடத்தில் நகலில் மடிப்புக் கோடு விழுந்து கருத்திருந்தது. ஏ-யாகவும் இருக்கலாம், பி-யாகவும் இருக்கலாம். ஒன்று அவள் பங்கு. இன்னொன்று ஃபாஜில் பங்கு.

ஃபஹ்மிதாவுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. புதன்கிழமை காலை, அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, அடைப்புக்குறிக்குள் இருந்த சொல்லை மட்டும் அழித்து, ஒரு பிரதி அச்செடுத்தேன். வாசித்துக் காட்டுவதற்கு. எழுத்து தெரிந்ததும் திரும்ப வந்து அடிக்க வேண்டும். மறுநாள் ஜமாபந்தி.

வீட்டு வாசலில் ஃபஹ்மிதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள்.

"உள்ள வாங்க வானதி. ஏன் வெயில்ல நிக்கிறீங்க?"

"பதினாறு முடியலை. இங்கயே நிக்கிறேன்."

"எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"தெரியும். சித்திக்கு வாக்கு குடுத்துட்டு வந்தேன். மனு அடிச்சிருக்கு. வாசிக்கிறேன். சரியா இருந்தா சொல்லுங்க."

அவள் முகம் கோணியது. முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். நான் தாளைப் பிரித்து வாசித்தேன். அம்மா மாதிரி உரக்க வரவில்லை.

"எனது கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன."

"ஆமா."

"மேற்படி நிலம் பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தின்படி எனக்கும் எனது மகளுக்கும் பாத்தியப்பட்டது."

"ஆமா."

"கூட்டுப் பட்டாதாரரான எனது கணவரின் அண்ணன் ஃபாஜில் அவர்களுக்கு இதில் ஆட்சேபணை ஏதும் இல்லை."

"ஆமா. வர்றேன்னு சொல்லியிருக்காங்க. காலையில பத்து மணிக்கு."

"புல எண் நூத்திப்பன்னெண்டுல மூணு." நிறுத்தினேன். "மூணு ஏ-யா, மூணு பி-யா?"

அவள் விழித்தாள்.

"சரியா தெரியலையே. அக்காவும் போன்ல அதைத்தான் கேட்டாங்க. மூலப் பத்திரத்தை எடுத்துட்டு வா, புதன்கிழமை நேர்ல பாத்துக்கலாம்னு சொன்னாங்க. அன்னைக்கு எடுத்துட்டுத்தான் வந்தேன்." முக்காட்டை இழுத்துவிட்டாள். "படிகிட்ட கூட்டமா இருந்துச்சு. அப்படியே திரும்பிட்டேன். பீரோவுல வெச்சேன். இருங்க, பாத்துட்டு வர்றேன்."

உள்ளே போனாள். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. என் சட்டைப்பையில் பேனா இருந்தது. எடுக்கவில்லை. தாளில் மூன்றுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து அகலத்துக்கு இடம் வெள்ளையாக இருந்தது. அம்மா புதன்கிழமை பத்து மணிக்குக் கேட்டு நிரப்ப வேண்டியது.